ஐம்பதாயிரத்துக்குள் எடை குறைந்த லேப்டாப்: எந்த ப்ராசஸர், எந்த வழி?

பிளஸ் டூ முடிவுகள் வந்து கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால், வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டைப் பக்கத்து வாசகர்களிடமிருந்து ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகள் வருகின்றன. "புதிய ஐ3 வாங்குவதா, அதே விலைக்குக் கிடைக்கும் பழைய ஐ7 வாங்குவதா?" "ரைசன் சூடாகும் என்கிறார்களே, உண்மையா?" "தினமும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக வேண்டும், எடை குறைவாக என்ன இருக்கிறது?" "மேக்புக் ஏர் பழையது ஒன்று வருகிறது, எடுக்கலாமா?" கேட்பவர்களில் பலர் சீட்டு எடுத்தோ, நகையை அடகு வைத்தோ வாங்குகிறவர்கள். நான்கைந்து ஆண்டு உழைக்க வேண்டிய பொருள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விலையில் ஐ3, ஐ5, ரைசன் 5 என்ற பெயர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கின்றன. மீதி, பெயருக்குப் பின்னால் வரும் எண்ணிலும் கடைசி எழுத்திலும் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்துகொண்டு, பெரிய பெயருக்காகக் கொடுக்கவிருந்த கூடுதல் பணத்தை 16 ஜிபி ராமுக்கும் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) குறைந்த எடைக்கும் திருப்பிவிடுங்கள்.

## முதலில் அளவுகோல்கள்

எடை. 14 அங்குல லேப்டாப் பொதுவாக 1.4 கிலோ அளவில் இருக்கும், 15.6 அங்குலம் 1.6 முதல் 1.8 கிலோ வரை போகும். விளம்பரத்தில் போடுகிற எடையில் சார்ஜர் சேராது. டைப்-சி வகை 45 வாட், 65 வாட் சார்ஜர்கள் கால் கிலோ அளவோடு நின்றுவிடும். கேமிங் லேப்டாப்போடு வரும் பெரிய சார்ஜர் அரைக் கிலோவைத் தாண்டும். காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி தினமும் சென்னைக்குப் போய்வருகிறவர்களையும், குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வரும் மாணவர்களையும் கேட்டுப் பாருங்கள். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், நோட்டுகளோடு சேரும்போது அந்த அரைக் கிலோ தோளில் தெரியும்.

வெயில். வேலூருக்கு லேப்டாப் வாங்குகிறவர் இதை விட்டுவிடவே கூடாது. மே மாதத்தில் இங்கே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். மேக்புக் ஏர் இயங்குவதற்கு ஆப்பிள் குறிப்பிடும் வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி வரை; மற்ற நிறுவனங்களின் கையேடுகளிலும் பெரும்பாலும் அதே 35தான் மேல் வரம்பு. ஏசி இல்லாத மாடி அறையில் பிற்பகல் மூன்று மணிக்கு அந்த வரம்பு ஏற்கெனவே கடந்திருக்கும். அப்போது ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதிக மின்சாரம் குடிக்கும் ப்ராசஸர் அதிகமாகச் சூடாகி, அதிகமாகவே வேகம் குறையும். பணம் கொடுத்து வாங்கிய வேகம் வெயில் காலத்தில் கைக்கு வராமல் போவது இப்படித்தான்.

ராம். விண்டோஸ் 11, பிரவுசரில் பத்துப் பன்னிரண்டு டேப், ஆன்லைன் வகுப்பு, ஒரு வேர்டு கோப்பு — இவ்வளவுக்கே 8 ஜிபி நிரம்பிவிடும். "இப்போது 8 வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு இன்னொரு 8 போட்டுக்கொள்ளலாம்" என்ற ஆலோசனை இத்தனை நாள் நல்ல ஆலோசனையாகவே இருந்தது. ஆனால் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போவதால் 2025 இறுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறிவிட்டது. பிறகு போடும்போது என்ன விலை இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது. அதைவிட முக்கியம், பல மெல்லிய லேப்டாப்புகளில் ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்டவே முடியாது. "ஸ்லாட் காலியாக இருக்கிறதா?" என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

வேலைக்குரிய மென்பொருள். டேலி என்ற கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி தாக்கலுக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், கல்லூரி ஆய்வக மென்பொருள், பழைய அச்சகக் கோப்புகள் — இவற்றில் எது உங்களுக்கு வேண்டும் என்பதே ஒரு வழியை முழுவதுமாகத் தள்ளிவிடக்கூடும்.

பழுது. ஆன்சைட் உத்தரவாதம் என்றால் ஆள் வீட்டுக்கு வருவார். கேரி-இன் என்றால் நாம்தான் சேவை மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த பிராண்டின் மையம் வேலூரில் இல்லாவிட்டால் காட்பாடியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். கொடுக்க ஒரு நாள், வாங்க ஒரு நாள் என்று இரண்டு நாள் வேலை கெடும்.

## எண்ணை எப்படிப் படிப்பது

ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் இன்டெல்லின் பெயர்கள்; அவற்றில் கடைசி எழுத்து முக்கியம். "யூ" என்றால் மெல்லிய லேப்டாப்புக்கான, 15 வாட் அடிப்படையில் இயங்கும் ப்ராசஸர். "எச்" என்றால் 45 வாட். வேகமானது, சூடானது, பேட்டரியைத் தின்பது. "என்" என்று தொடங்கினால் அது வேறு குடும்பம்.

ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளே கோர்கள். அவற்றின் எண்ணிக்கையில்தான் ஏமாறுகிறோம். இன்டெல் ப்ராசஸர்களில் வேகமான பெரிய கோர்களும், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் சிறிய கோர்களும் உண்டு. ஐ3-1215யூவில் 2 பெரிய, 4 சிறிய கோர்கள்; மொத்தம் 6. ஐ3-என்305இல் மொத்தம் 8 கோர்கள், எல்லாமே சிறியவை. "இதில் எட்டு கோர் சார்" என்று விற்பனையாளர் சொல்வது உண்மைதான். ஆனாலும் அன்றாட வேலையில் ஆறு கோர் உள்ள 1215யூவே விறுவிறுப்பாக இருக்கும். இன்னொன்று, தலைமுறை எண் (1215யூவில் முதல் இரண்டு இலக்கமான 12) கூடினால் ப்ராசஸரும் மேலானது என்று எண்ண வேண்டாம். 13ஆம் தலைமுறை ஐ3-1305யூவில் பெரிய கோர் ஒன்றே ஒன்றுதான். 12ஆம் தலைமுறை 1215யூவில் இரண்டு இருக்கிறது. 13ஆம் தலைமுறையிலேயே வேண்டுமென்றால் 1315யூவைக் கேளுங்கள், அதில் இரண்டு.

ஐ5-1235யூ, ஐ5-1334யூ, புதுப் பெயரில் வரும் கோர் 5 120யூ மூன்றிலும் அமைப்பு ஒன்றே: 2 பெரியது, 8 சிறியது. பெயர் புதிது என்பதற்காக 120யூவுக்குப் பெரிய தொகை கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. ஐ3-1215யூவிலிருந்து இவற்றுக்கு மாறும்போது கூடுவது நான்கு சிறிய கோர்கள். வேர்டு, எக்செல், பிரவுசர், சாதாரண கோடிங் செய்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரிவதைவிட, 8 ஜிபியிலிருந்து 16 ஜிபிக்குப் போகும் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ரைசன் ப்ராசஸர்களைச் செய்யும் ஏஎம்டியின் 7000 வரிசையில் மூன்றாவது எண்ணைப் பாருங்கள். ரைசன் 5 7520யூவில் அது 2: ஜென் 2 என்ற, 2019இல் வந்த வடிவமைப்பு. ரைசன் 5 7530யூவில் 3: 2020இல் வந்த ஜென் 3. முன்னதில் 4 கோர், பின்னதில் 6 கோர். இரண்டின் மேலும் ஒட்டியிருப்பது ஒரே "ரைசன் 5" ஸ்டிக்கர். கடை விளக்கின் கீழே நின்று பார்த்தால் பெட்டியில் ஓர் எண்தான் மாறியிருக்கும். உள்ளே இருப்பது வேறு சாமான். மேலும் 7520யூ, 7320யூ இரண்டும் பற்றவைத்த ராமோடு மட்டுமே வரும். 8 ஜிபி வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான்.

## வழி ஒன்று: புதிய இன்டெல் யூ வகை

ஐ3-1215யூ அல்லது 1315யூ, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 14 அங்குலம். இந்த விலையில் பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதுதான். சூடு கட்டுக்குள் இருக்கும், சார்ஜர் சிறியது, டேலியும் ஆய்வக மென்பொருள்களும் எந்தத் தகராறும் இல்லாமல் ஓடும், உத்தரவாதம் உண்டு.

மறைந்திருக்கும் செலவு திரையில் இருக்கிறது. விலை குறைந்த மாடல்களில் 250 நிட்ஸ் வெளிச்சமே வரும். ஜன்னல் ஓரத்து வெளிச்சத்தில், ரயிலில் பகல் வேளையில் எழுத்தே மங்கிவிடும். 300 நிட்ஸ், ஐபிஎஸ் திரை (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத வகை) கிடைத்தால் ஓராயிரம் கூடக் கொடுக்கலாம். ஒரே 8 ஜிபி ராம் குச்சி போட்ட மாடலைவிட இரண்டு 8 ஜிபி போட்டது வேகமாக இருக்கும், ஏனென்றால் உள்ளிருக்கும் கிராபிக்ஸ் இதே ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது.

எச் வகையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐ5-12450எச், ஐ5-13420எச் இரண்டும் இதே விலைக்குப் பக்கத்திலேயே கிடைக்கின்றன. 4 பெரிய, 4 சிறிய கோர். எண்ணைப் பார்த்தால் ஆசை வரும். ஏசி அறையில், மேசையில், சார்ஜரோடு வைத்து வீடியோ எடிட்டிங் செய்கிறவருக்கு அது தகும். தோளில் சுமந்து, மின்விசிறி மட்டும் உள்ள அறையில், பேட்டரியில் ஓட்டுகிறவருக்கு வேண்டாம்.

## வழி இரண்டு: புதிய ரைசன் யூ வகை

"ரைசன் சூடாகும்" என்பது பழைய லேப்டாப்புகளை வைத்துச் சொல்லப்படுகிற பேச்சு. 7530யூவும் 15 வாட் அடிப்படையிலானதுதான். ஆறு கோரும் முழு வேகக் கோர்கள் என்பதால் கோடிங் படிக்கிற மாணவர்களுக்கு, கம்பைல் செய்வது (எழுதிய நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றுவது), ஒரே நேரத்தில் பல மென்பொருள் திறந்து வைப்பது போன்ற வேலைகளில் ஐ3-1215யூவைவிட இது மேல். விஐடியிலோ பாகாயத்தில் உள்ள தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரியிலோ கணினி அறிவியல் சேருகிற பிள்ளைக்கு, 16 ஜிபியோடு 7530யூ கிடைத்தால் இரண்டாவது யோசனையே வேண்டாம்.

7520யூ, 7320யூ இரண்டையும் வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். 16 ஜிபி பற்றவைத்த மாடல் உண்மையிலேயே மலிவாகக் கிடைத்து, வேலை டைப் செய்வதும் வீடியோ பார்ப்பதும் மட்டும் என்றால் போதும். பேட்டரியும் நன்றாக நிற்கும். 7530யூ விலையைச் சொல்லி 7520யூவைக் கட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

## வழி மூன்று: கைமாறிய அலுவலக லேப்டாப்

லெனோவாவின் திங்க்பேட், டெல்லின் லேட்டிட்யூட், எச்பியின் எலைட்புக் வகைகள். பெரிய நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டு ஓட்டிவிட்டுக் கழிப்பவை சென்னை ரிச்சி தெரு வழியாகவும் உள்ளூர்க் கடைகள் வழியாகவும் இங்கே வந்து சேர்கின்றன. கட்டமைப்பு உறுதி, கீபோர்டு அருமை, எடையும் குறைவு: லேட்டிட்யூட் 7490 ஏறத்தாழ 1.4 கிலோ, எலைட்புக் 840 ஜி5 1.5 கிலோ, திங்க்பேட் டி480 1.6 கிலோ. மூன்றிலும் ராம் ஸ்லாட் இரண்டு உண்டு. பட்ஜெட்டில் பாதியிலேயே முடிந்துவிடும் வழி இது.

ஒரு கோட்டைத் தாண்டக் கூடாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். திங்க்பேட் டி470, எலைட்புக் 840 ஜி4 எல்லாம் 7ஆம் தலைமுறை வரையிலானவை, அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம். பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருந்தாலும் உள்ளே பெரிய வேறுபாடு: 7ஆம் தலைமுறை ஐ5 யூ வகையில் 2 கோர், 8ஆம் தலைமுறையில் 4 கோர். "ஐ7 சார், ஐ7" என்று 6ஆம், 7ஆம் தலைமுறையைக் காட்டினால் புதிய ஐ3-1215யூவே அதைவிட நெடுந்தூரம் முன்னால் நிற்கும். முதல் கேள்விக்கு என் பதில் அதுதான்: புதிய ஐ3.

மறைந்திருக்கும் செலவில் முதலாவது பேட்டரி. கமாண்ட் பிராம்ப்ட் வழியாக விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கலாம். அதில் டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு), ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போதைய கொள்ளளவு) என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது எண் முதலாவதில் எழுபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புதிய பேட்டரிக்கான பணத்தை விலையில் கழித்துக் கேளுங்கள். அடுத்தது பூட்டு. கடையிலேயே ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். முந்தைய நிறுவனத்தின் பெயரோடு உள்நுழைவுப் பக்கம் வந்தால், அந்த லேப்டாப் இன்னும் அவர்கள் பதிவில் இருக்கிறது. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். விண்டோஸ் திறப்பதற்கு முன்பே வரும் பயாஸ் அமைப்புக்கு பாஸ்வேர்டு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

## வழி நான்கு: பழைய மேக்புக் ஏர் எம்1

2020 இறுதியில் வந்தது, 1.29 கிலோ, மின்விசிறியே கிடையாது, சத்தமும் கிடையாது. பேட்டரியில் இந்தப் பட்டியலில் எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது. 2025இல் வந்த, ஆப்பிளின் இயங்குதளமான மேக் ஓஎஸ் டஹோவும் இதில் ஓடுகிறது. எழுத்து வேலை, வடிவமைப்பு, வீடியோ, ஐஃபோன் ஆப் உருவாக்கம் என்றால் நல்ல தேர்வு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது: 2020இல் இன்டெல் ப்ராசஸரோடும் ஒரு மேக்புக் ஏர் வந்தது. மூடி வைத்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். இன்டெல் ஏருக்கு டஹோ கிடையாது. மெனுவில் "அபவுட் திஸ் மேக்" திறந்து எம்1 என்று இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு நீக்கப்பட்டிருக்க வேண்டும்.

ராம் 8 ஜிபி என்றால் 8தான், கூட்ட வழியில்லை. டேலி விண்டோஸுக்கானது; ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் நிறுவனங்களில் கணக்கு எழுதுகிறவர்களுக்கும், வணிகவியல் மாணவர்களுக்கும் இந்த ஒரு காரணமே போதும், இதை விட்டுவிடலாம். போர்டு பழுதானால் செலவு மிக அதிகம்.

ஸ்னாப்டிராகன் ப்ராசஸரோடு வரும் விண்டோஸ் லேப்டாப்புகள் பற்றியும் கேட்கிறார்கள். எடையும் பேட்டரியும் நன்றாக இருக்கின்றன. ஆனால் பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போன்றவற்றின் டிரைவர்கள் (கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) ஸ்னாப்டிராகன் சார்ந்திருக்கும் ஏஆர்எம் வடிவமைப்புக்கென்று தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அலுவலக வேலைக்கு வாங்குகிறவர் அதை உறுதி செய்யாமல் இறங்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | புதிய இன்டெல் ஐ3 யூ | புதிய ரைசன் 7530யூ | பழைய அலுவலக லேப்டாப் | மேக்புக் ஏர் எம்1 |
|---|---|---|---|---|
| எடை | 1.4 கிலோ அளவு, 14 அங்குலத்தில் | அதே அளவு | 1.4–1.6 கிலோ | 1.29 கிலோ |
| மே மாத வெயிலில் | சமாளிக்கும் | சமாளிக்கும் | தூசு தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றினால் சமாளிக்கும் | நீண்ட கனமான வேலையில் வேகம் குறையும் |
| ராம் கூட்ட | மாடலைப் பொறுத்தது | மாடலைப் பொறுத்தது | பெரும்பாலும் முடியும் | முடியாது |
| டேலி | ஓடும் | ஓடும் | ஓடும் | நேரடியாக ஓடாது |
| மறைந்த செலவு | மங்கலான திரை | 7520யூவோடு குழப்பம் | பேட்டரி, பூட்டு, உத்தரவாதமின்மை | 8 ஜிபி, பழுதுச் செலவு |

## யாருக்கு எது

ஊரிசு, டி.கே.எம்., ஆக்சிலியம் போன்ற கலை அறிவியல் கல்லூரிகளில் சேருகிறவருக்கு ஐ3-1215யூ, 16 ஜிபி போதும். பணம் இன்னும் இறுக்கம் என்றால் 8ஆம் தலைமுறைக்குக் குறையாத அலுவலக லேப்டாப். அரசுக் கல்லூரி மாணவர் என்றால் அவசரப்படாதீர்கள். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாகத் தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. உங்கள் பிள்ளைக்கு அது வருமா என்று கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

கணினி அறிவியல் மாணவருக்கு ரைசன் 7530யூ. தினமும் சென்னைக்கு ரயிலேறுகிறவருக்கு 14 அங்குலத்தைத் தாண்டாத எந்த யூ வகையும், டைப்-சி சார்ஜர் கட்டாயம். சொந்தமாகக் கடையோ தொழிலோ வைத்து ஜிஎஸ்டி பதிவு உள்ளவர், நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து பில் வாங்கினால், லேப்டாப்புக்கான 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவாக எடுத்து, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள முடியும். அவர்களுக்குப் பழையதைவிடப் புதியதே கணக்குக்கு ஒத்துவரும்.

## பணம் கொடுப்பதற்கு முன்

பெட்டியைக் கடையிலேயே பிரியுங்கள். டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸரின் முழு எண்ணும் ராமின் அளவும் தெரியும். கேட்டதும் கொடுத்ததும் ஒன்றா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். மூடியை ஒரு கையால் திறந்து கீல் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். அந்தச் சீரியல் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் உத்தரவாதம் எந்தத் தேதியில் தொடங்கியிருக்கிறது என்று காட்டும். அது நீங்கள் வாங்கிய நாளுக்கு முன்பாகவே தொடங்கியிருந்தால், பில்லின் படத்தை அனுப்பித் தேதியைத் திருத்தச் சொல்லுங்கள். இதை வாங்கிய வாரத்திலேயே முடித்துவிட வேண்டும்.